தேம்பாவணி தந்த முனிவர்

பழந்தமிழர் உரோமை நாட்டை அறியாதவர் அல்லர். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியைச் சங்கச் சான்றோர் பாடியுள்ளனர். புதுவைக்கு அணித்தேயுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு, உரோமை வணிகத்தின் எச்சங்களை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் மலியர்பா என்றொரு பட்டினம் காணப்படுகிறது. அஃது இந்த மயிலாப்பூரே என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு. உரோமைப் பேரரசின் நிழலில் நடந்த திருமறை வரலாற்றோடும் மயிலைக்கு ஒரு தொடர்பைத் தொன்மரபு கூறுகிறது. ஏசுபிரானின் மாணாக்கருள் ஒருவராகிய தோமையார் இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்ற நம்பிக்கையின்மேல்தான் சாந்தோம் தேவாலயம் நிற்கிறது.

இவ்வளவு தொடர்பிருந்தும், அந்த உரோமை உலகில் நிகழ்ந்த ஒரு கதையை முழுக் காப்பியமாகத் தமிழில் பாடுவார் நெடுங்காலம் தோன்றவில்லை. மிளகும் முத்தும் கடலைக் கடந்து சென்றன. பொற்காசுகள் கடலைக் கடந்து வந்தன. கதை மட்டும் வந்து சேர 17 நூற்றாண்டுகள் ஆயின. அதனைக் கொண்டுவந்தவர் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு துறவி. தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று அறியும். நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. பிறநாட்டுப் பொருளைத் தமிழ்ப் பாட்டாக்குவது எங்ஙனம் என்ற வினா இன்றைய கவிஞர்க்கும் உரியது. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர் அவர்.

பிறப்பும் துறவும்

இத்தாலியின் மாந்துவா நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப், குடிப்பெயர் பெஸ்கி. பெயரின் முற்பகுதி உரோமைப் பேரரசை ஆண்ட மன்னன் ஒருவனுடையது; பிற்பகுதி நாசரேத்தூர்த் தச்சர் ஒருவருடையது. பின்னாளில் அவர் பாடியது மன்னனையன்று, தச்சரையே.

1698ஆம் ஆண்டு, 18ஆம் வயதில், சேசு சபையில் சேர்ந்தார். இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். இராவென்னாவில் இலக்கணம் கற்பித்தார். பொலோஞ்ஞாவில் இறையியல் பயின்றார். வர்ஜில் முதலிய இலத்தீன் கவிஞரைச் சேசு சபைப் பள்ளிகளில் இளமையிலேயே கற்பிப்பது அக்கால வழக்கம். ஆகவே காப்பியம் என்பது யாது என்பதைத் தமிழ்நாட்டுக்கு வருமுன்னரே அவர் அறிந்திருந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டே லிஸ்பன் துறையினின்று கப்பலேறிக் கோவாவை அடைந்தார். 1711இல் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். மயிலை மறைமாவட்டத்தின் ஆயராக அந்நாளில் விளங்கிய பிரான்சிஸ்கு லைனசும் முன்னர் அதே மதுரைத் தளத்தில் பணியாற்றியவரே.

மதுரைத் தளம் ஒரு தனிப் போக்குடையது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, இந்நாட்டுத் துறவியர்போல் உடுத்தும் உண்டும் உறைந்தும், இந்நாட்டு மொழியிலேயே நூல்கள் எழுதி ஒரு வழியை வகுத்திருந்தார். பின்வந்த ஜான் தெ பிரிட்டோ 1693இல் மறவர் நாட்டு ஓரியூரில் தலை துணிக்கப்பட்டு உயிர் நீத்தார். பெஸ்கி வந்தபோது அச்சாவு நிகழ்ந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. உரோமைப் பேரரசில் மறைசாட்சியர் பட்ட பாட்டை ஏட்டில் படித்த ஓர் இளைஞர், தம் முன்னோர் ஒருவர் அங்ஙனமே மாண்ட நிலத்தில் வாழத் தொடங்கினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் பாடல்களில் வரும் துன்பமும் அச்சமும் ஏட்டறிவால் மட்டும் வந்தவை அல்ல. தென்பாண்டி நாட்டில் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில் அவரே சிறைப்பட்டு உயிருக்கு இடர் நேரும் நிலையை எய்தித் தப்பினார்.

தமிழ் கற்ற காலம்

தைரியநாதர் என்பதே அவர் முதலிற் கொண்ட தமிழ்ப்பெயர். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரை அவருக்கு ஆசிரியராக மரபு கூறும். நாட்டுப்புறத்து மக்கள் பேசும் கொடுந்தமிழையும் புலவர் போற்றும் செந்தமிழையும் அவர் ஒருங்கே கற்றார். ஐரோப்பியர் பலர் முதலாவதோடு நின்றுவிடுவர். நம் நாட்டுப் புலவரோ அந்நாளில் இரண்டாவதை மட்டுமே மதித்தனர். இரண்டையும் தனித்தனியே அறிந்து, இரண்டுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதியதே இம்முனிவரின் அறிவு நேர்மைக்குச் சான்று.

பின்னர் அவர் நிலையாகத் தங்கிய இடம் கொள்ளிடத்தின் வடகரையை அடுத்த ஏலாக்குறிச்சி. அதற்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர். அங்குள்ள அடைக்கல அன்னையின்மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கோனான்குப்பத்தில் எழுப்பிய கோயிலில் கன்னி மரியாளுக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டினார். அத்திருவுருவம் தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்து நிற்கிறது. இச்சேலையும் அப்பெயரும் வெறும் ஒப்பனை அல்ல. அயல்நாட்டுப் பொருளுக்கு இந்நாட்டு உரு அளிப்பதில் அவர் கையாண்ட முறையே அதுதான். காப்பியத்திலும் அதனையே செய்தார்.

இம்முறை எதிர்ப்பின்றி நடந்ததன்று. இந்நாட்டு வழக்கங்களை மறைவாழ்வில் ஏற்றல் தகுமா என்பது குறித்துத் திருத்தந்தையின் தூதரான துர்னோன் 1704இல் புதுச்சேரியில் தடையாணை பிறப்பித்திருந்தார். அந்த வழக்கு 40 ஆண்டுகள் நீண்டு, 1744இல் பதினான்காம் பெனடிக்ட் திருத்தந்தையின் ஆணையோடுதான் முடிந்தது. அதாவது, முனிவர் தமிழில் எழுதிய காலம் முழுவதும் அவர்தம் வழிமுறை உரோமாபுரியின் ஐயத்துக்கு உள்ளாகியே இருந்தது. ஒரு புறம் இந்நாட்டுச் சிற்றரசர் சினம். மறுபுறம் தம் தலைமைப்பீடத்தின் ஐயம். இரண்டுக்கும் நடுவிலிருந்து எழுந்ததே தேம்பாவணி.

தச்சனைத் தலைவனாக்கிய காப்பியம்

1726இல் தேம்பாவணி முற்றுப்பெற்றது. தமிழ்நாட்டுக்கு வந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருக்கு வயது 46. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் கொண்ட பெருநூல் அது. வாடாத அணி என்றும், தேன்போன்ற பாக்களால் ஆன அணி என்றும் அப்பெயர்க்கு இருவகையாகப் பொருள் கூறுவர்.

காப்பியத் தலைவர் சூசையப்பர். எபிரேயத்தில் யோசேப்பு என்ற பெயர் வளர்ச்சியைக் குறிக்கும். ஆகவே முனிவர் அவரை வளன் என்று அழைத்தார். யோவான் என்ற பெயர் இறைவனின் அருளைக் குறிக்கும்; ஆகவே திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். ஒலியைப் பெயர்த்து எழுதுவது எளிது. பெயரின் பொருளைத் தேடிப் பிடித்துத் தமிழ்ப் பெயர் அமைப்பது அரிது. கம்பர் வடசொற்களைத் தமிழ் ஒலிக்கு ஏற்பத் திரித்தார்; முனிவர் அதற்கும் ஒருபடி மேற்சென்று, பெயரையே மறுமுறை பிறப்பித்தார்.

சூசையப்பரை அவர் தேர்ந்தது ஏன்? நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவு காண்கிறார், விழித்தெழுகிறார், பணிந்து செய்கிறார், அவ்வளவே. சொல்லற்ற அந்த மனிதரைச் சுற்றிக் கற்பனைக்கு இடம் மிகுதி. ஏசுபிரானின் வாக்கில் ஓரெழுத்தை மாற்றவும் ஒரு குரு அஞ்சுவார். சூசையப்பரின் மௌனத்தை நிரப்புவதற்கோ கவிஞருக்கு உரிமை உண்டு. இசுபானியத் துறவியான ஆகிரேதா மரியாள் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய கடவுளின் நகரம் என்னும் நூல் முனிவருக்குக் கதைநிகழ்ச்சிகளை நல்கியது. நடையும் அமைப்பும் சிந்தாமணி, கம்பராமாயணம் முதலிய தமிழ்க் காப்பியங்களின் வழிவந்தவை.

தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய இலக்கணம். வளன் தாவீது மன்னனின் குலத்தவன். எனவே இலக்கணம் நிறைவுற்றது. ஆனால் அவன் கையில் இருப்பது செங்கோல் அன்று, தச்சனின் உளி. போர்க்களம் அவனுக்கு இல்லை. இன்பச்சுவைக்கும் இடமில்லை, மணந்தும் துறவு பூண்டவன் அவன். வீரமும் காதலும் நீக்கிய பின்னர்க் காப்பியத்துக்கு எஞ்சுவது யாது? முனிவர் அவ்விடத்தில் அறத்தின் உள்ளப் போராட்டத்தை நிறுத்தினார். மரியாள் கருவுற்றிருத்தலைக் கண்ட வளன் ஐயுறுவதும், அவ்வையம் நீங்குவதும் தனித்தனிப் படலங்களாக விரிகின்றன. மனைவியைக் குற்றம் கூற மனம் இசையாமலும், கண்டதை மறுக்க இயலாமலும், ஊரார்முன் அவளை இழிவுபடுத்த ஒவ்வாமலும் ஒரு நேரியன் படும் வேதனையே இந்நூலின் போர்க்களம். அங்கே விழுப்புண் படுவது மார்பில் அன்று, நெஞ்சில்.

அயல்நாட்டைத் தமிழ்நாடாக்கியது

தேம்பாவணியின் நாட்டுப் படலத்தைப் படிப்பார் ஒரு குறை கூறுவதுண்டு. யூதேயா வறண்ட குன்றுகளின் நாடு. ஆங்கே நீரும் வயலும் சோலையும் பொழிலும் சோழ நாட்டைப்போல் எங்ஙனம் வந்தன என்பர். வரலாற்று நோக்கில் இக்குறை உண்மையே. அதனை மறைப்பதால் முனிவருக்குப் பெருமை சேராது. ஆயினும் அவர் அறியாமையால் அங்ஙனம் பாடினார் என்று கொள்ளலாகாது. விவிலியத்தில் ஆழ்ந்த புலமையுடையார்க்கு யூதேயாவின் நிலம் தெரியாதிருக்க இயலாது. கேட்போர் கொள்ளிடக் கரை உழவர். வாழ்த்தப்பெற்ற நாடு என்றால் அவர்தம் மனத்தில் எழுவது வயலும் வாய்க்காலுமே. பாலைநிலத்தை உள்ளவாறு பாடியிருந்தால் கேட்டவர் அதனைச் சபிக்கப்பட்ட நாடென்றே கொண்டிருப்பர். நிலத்தின் உண்மையை விட்டு, நிலம் தரும் உணர்வின் உண்மையைப் பற்றினார் முனிவர். கம்பரின் கோசலமும் காவிரி பாயும் நாடு போன்றதே அல்லவா?

இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. அதனையும் கூறுதல் கடன். உரோமை இக்காப்பியத்தில் மங்கிய நிழலாகவே நிற்கிறது. வரலாற்றின்படி வளனின் வாழ்வை இயக்கும் கயிறுகள் உரோமையின் கையில் இருந்தன. அகஸ்துஸ் மன்னன் குடிக்கணக்கெடுக்க ஆணையிட்டதால் நிறைமாதக் கருப்பிணி பெத்லகேமுக்கு நடக்க நேர்ந்தது என்கிறது லூக்கா நற்செய்தி. குழந்தைகளைக் கொல்லச் செய்த ஏரோது, உரோமையின் அருளால் முடி சூடியவன். குழந்தையோடு தப்பியோடிய எகிப்தும் கி.மு. 30 முதல் உரோமைக்கு உட்பட்ட நாடே. ஒரு பேரரசின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது அந்த ஏழைக் குடும்பம். இன்றைய வரலாற்று நாவலாசிரியன் எவனும் இந்த அரசியலை விடமாட்டான். முனிவரோ அதனைப் பின்னே தள்ளி, கொடுங்கோலையும் இறையருளையும் நேருக்கு நேர் நிறுத்தினார். அரசியல் மறைந்தது, அகதியின் துயர் மட்டும் நின்றது. பெற்றதும் இழந்ததும் இரண்டும் பெரியனவே.

கித்தேரி அம்மாள்

ஆனால் முனிவர் உரோமையை முற்றும் மறந்தாரல்லர். கித்தேரி அம்மாள் அம்மானையில் உரோமை நேராக வந்து நிற்கிறது. உரோமையர் ஆண்ட போர்த்துக்கல் நாட்டில் வாழ்ந்ததாக மேலைநாட்டு மரபுக்கதை கூறும் கன்னி கித்தேரியாள். நாட்டை ஆளும் அதிகாரியின் மகள். ஒரே கருவில் பிறந்த ஒன்பது பெண் மக்களுள் ஒருத்தி. தந்தையின் சமயத்தையும் அவன் குறித்த மணத்தையும் மறுத்து உயிர் விட்டவள். வரலாற்றுச் சான்று குறைந்த கதை அது. ஆயினும் மக்கள் நெஞ்சில் ஆழ வேரூன்றிய கதை.

இதனைப் பாட முனிவர் தேர்ந்த வடிவம் அம்மானை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. காப்பியம் புலவர் அவைக்கு உரியது. அம்மானையோ பெண்கள் காயாடிப் பாடும் பாட்டிலிருந்து வளர்ந்து, எழுத்தறியாதாரும் கூடியிருந்து கேட்கும் கதைப்பாட்டாக விரிந்தது. தந்தையின் ஆணையை மறுத்த மகளின் கதையைப் பெண்களுக்கு உரிய வடிவத்தில் தந்தார் அவர். இங்கே உரோமை என்பது தொலைவிலிருந்து வரும் ஆணை அன்று. வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் தந்தை. அரசனின் அதிகாரமும் தந்தையின் அதிகாரமும் ஒருவனிடமே சேர்ந்து நிற்க, அதற்கு எதிரே ஓர் இளம்பெண் நிற்கிறாள். தேம்பாவணியைப் போற்றும் நாம் இந்த எளிய நூலைப் பெரிதும் மறந்துவிட்டோம் என்பது வருந்தத்தக்கது.

மேலைநாட்டில் இத்தகைய கதைகள் உரைநடை நாவலாகப் பெரும்புகழ் பெற்றது பின்னரே. கார்டினல் வைஸ்மனின் பபியோலா 1854இல் வந்தது. லூ வாலஸின் பென்-ஹர் 1880இல் வந்தது. போலந்து எழுத்தாளர் சியென்கியேவிச்சின் கோ வாதிஸ் 1896இல் நூலாகியது. இவற்றுள் முதலாவதற்கும் ஏறத்தாழ 130 ஆண்டுகள் முன்னரே, உரோமை காலத்துக் கிறித்தவக் கதையொன்று பெருங்காப்பியமாகத் தமிழில் இருந்தது. நாவலும் காப்பியமும் ஒன்றல்ல. எனினும் இக்காலவரிசையைத் தமிழ்க் கவிஞர் நினைவிற்கொள்ளுதல் நன்று.

பாட்டுக்குப் பின் இலக்கணம்

முனிவரின் நூல்களைக் காலவரிசையில் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1726இல் காப்பியம். 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை. 1728இல் இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம். 1730இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம். 1732இல் சதுரகராதி. முதலில் பாடினார், பின்னரே இலக்கணம் எழுதினார். மொழியைப் பாட்டில் வாழ்ந்து பார்த்து, வாழ்ந்த பட்டறிவைப் பின்னர் விதியாக வகுத்தார்.

சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் கொண்டது. அதற்குமுன் சொற்பொருள் அறிய விரும்புவோர் நிகண்டுப் பாக்களை மனப்பாடம் செய்யவேண்டும். அகர வரிசையில் சொற்களை அடுக்கிய இந்நூல், நினைவாற்றல் இல்லாதாரும் சொற்பொருள் காண வழிவகுத்தது. எகர ஒகரங்களுக்குக் குறிலும் நெடிலும் வேறுபாடு தோன்ற எழுதும் முறையையும் அவர் சீர்செய்தார். நாம் இன்று எழுதும் ஏகாரத்திலும் ஓகாரத்திலும் அவர் கை இருக்கிறது. பேச்சுத்தமிழ் பயில்வார்க்காக எழுதிய பரமார்த்த குரு கதை, தமிழ் உரைநடையில் நகைச்சுவைக்கு முன்னோடியாயிற்று. மயிலையில் பிறந்தவராக மரபு போற்றும் வள்ளுவரின் நூலில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். துறவியாதலின் காமத்துப்பாலைத் தொடாது விட்டார்.

சமயப் போரும் அதன் நிழலும்

முனிவரின் எழுத்தெல்லாம் தேனன்று, தேளும் உண்டு. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு முதலிய லூத்தரன் சபையினர், அச்சகம் நிறுவி விவிலியத்தைத் தமிழில் அச்சிட்டு வந்தனர். அவர்களுக்கு எதிராக வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை அவர் எழுதினார். அவற்றின் நடை கூரியது, சொற்கள் சுடுவன. கருணையன் என்று ஒரு பெயரை ஆக்கிய அதே எழுத்தாணி, மாற்றாரை எள்ளவும் தயங்கவில்லை. அக்காலச் சமயப்பூசலின் வழக்கம் அது என்று கூறலாம். ஆயினும் முனிவரைப் போற்றுவார் இப்பகுதியைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

ஆனால் காலம் தன் தீர்ப்பை வேறு வகையில் எழுதியது. அவர் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சேற்றியது, அவர் கடிந்து எழுதிய அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே. கொள்கையில் பகைவர், தமிழில் உறவினர் ஆயினர். நூலின் தகுதி கண்டு மாற்றான் நூலை அச்சிட்ட அப்பெருந்தன்மைக்கும் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது.

புனைவும் உண்மையும்

பெரியோர் வாழ்வைச் சுற்றிக் கதைகள் படர்வது இயல்பு. திருச்சிராப்பள்ளியை 1736இல் கைப்பற்றிய சந்தா சாகிபிடம் முனிவர் திவானாக இருந்தார், பல்லக்கில் குடையும் கொடியும் சூழச் சென்றார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேசு சபை ஆவணங்களை ஆராய்ந்த பெஸ்ஸே அடிகளார் முதலியோர் இதனை ஏற்கவில்லை. மதுரைச் சங்கத்தார் கூடி வீரமாமுனிவர் என்ற பட்டம் அளித்தனர் என்பதும் மரபுச் செய்தியே.

வேறொரு வதந்தி இதனினும் கொடியது. தேம்பாவணியைப் பாடியவர் அவருடைய ஆசிரியரே, அயல்நாட்டார்க்கு இத்துணைத் தமிழ் வாயாது என்பது அது. தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் செந்தமிழ் யாப்பை இலத்தீனில் விளக்கிய நூலையும் இயற்றியவருக்குக் காப்பியம் இயற்ற வராது என்பது வாதமாகாது. மேலும், பெயர்களை எபிரேயப் பொருள் அறிந்து ஆக்கிய முறையும், இசுபானிய நூலொன்றின் கதைப்போக்கும் தமிழ்நாட்டுப் புலவர் எவர்க்கும் அன்று எட்டாதவை. நூலே தன் ஆசிரியனைக் காட்டிக் கொடுக்கிறது. தமிழ் தமிழர்க்கு மட்டுமே வாய்க்கும் என்ற எண்ணம் தமிழுக்குப் பெருமை போலத் தோன்றும். உண்மையில் அது தமிழைச் சிறுமைப்படுத்துவது. கற்பார்க்கெல்லாம் தன்னைத் திறந்து காட்டுவதே பெருமொழியின் இயல்பு.

இறுதி நாள்களும் ஏடுகளின் பயணமும்

1740களின் தொடக்கத்தில் மராத்தியர் படையெடுப்பால் திருச்சிராப்பள்ளி நாடு கலங்கிற்று. 1741இல் சந்தா சாகிபு சிறைப்பட்டான். முனிவர் தெற்கே சென்றார். 1742இல் மணப்பாட்டில் மறைந்தார் என்று முன்னர் எழுதிவந்தனர். பின்னைய ஆராய்ச்சியின்படி அவர் மறைந்தது கேரளத்து அம்பழக்காட்டில், 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாளில். 36 ஆண்டுகளை இந்நாட்டில் கழித்தவர் பிறந்த நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை.

1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. முனிவரின் ஏடுகள் காப்பாரின்றிச் சிதறின. அவற்றைக் காத்தவர்கள் சிற்றூர்களில் வாழ்ந்த எளிய உபதேசிமாரும் இல்லறத்தாருமே. 1816இல் சென்னையில் தமிழ்ப்பற்று மிக்க ஆட்சியாளராக விளங்கிய எல்லிஸ், முத்துசாமிப் பிள்ளையை அனுப்பி அவ்வேடுகளைத் தேடச் செய்தார். மயிலையை அடுத்த இராயப்பேட்டையில் 1818இல் கிணறு தோண்டிக் குறளை மேற்கோளாக்கிக் கல்வெட்டுப் பொறித்தவரும் அவரே. முத்துசாமிப் பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே ஆண்டில் பாபிங்டன் செந்தமிழ் இலக்கணத்தையும் பரமார்த்த குரு கதையையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1824இல் சதுரகராதி சென்னைக் கல்விச் சங்கத்தில் அச்சாயிற்று. தேம்பாவணி முழுமையாக அச்சேறியது புதுச்சேரியில், 1851 முதல் 1853 வரை. பாடி முடித்து 125 ஆண்டுகள் அது ஏட்டிலேயே காத்திருந்தது.

பின்னர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார்; நம் காலத்தில் கண்ணதாசன் ஏசு காவியம் பாடினார். வழி முன்னரே வெட்டப்பட்டிருந்தது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனாக் கடற்கரையில் எழுந்த சிலைகளுள் முனிவரின் சிலையும் ஒன்று. சாந்தோமுக்கு வடக்கே அதே கடலோரத்தில் அவர் நிற்கிறார். யவனர் கலங்கள் வந்த கடல் அவருக்கு எதிரே விரிந்து கிடக்கிறது.

கவிஞர்க்கு எஞ்சுவது

முனிவரிடம் நம் வட்டத்தார் கொள்ளத்தக்கன யாவை? அவர்தம் சமயத்தை ஏற்பதும் ஏலாததும் அவரவர் உரிமை. கவிஞர்க்கு அவர் விட்டுச் சென்றவை மூன்று. பிறநாட்டுப் பெயரை எழுதுமுன் அதன் பொருளை உசாவுதல் ஒன்று. பாடுபொருளுக்கு ஏற்ப வடிவம் தேர்தல் ஒன்று; புலவர்க்குக் காப்பியம், மகளிர்க்கு அம்மானை என்று அவர் பகுத்தறிந்தார். யார் பேசவில்லையோ அவர் பக்கம் செவி சாய்த்தல் மற்றொன்று. வரலாறு மன்னர்களின் சொற்களால் நிரம்பியிருக்கிறது. அகஸ்துஸின் ஆணையை உலகம் எழுதி வைத்தது. அவ்வாணைக்குக் கட்டுப்பட்டு, கருவுற்ற மனைவியை அழைத்துக்கொண்டு நடந்த தச்சனின் ஒரு சொல்லையும் எவரும் எழுதி வைக்கவில்லை. 1,700 ஆண்டுகள் கழித்து, பிறந்த ஊருக்கு நெடுந்தொலைவில், தாம் பின்னர்க் கற்ற ஒரு மொழியில், அத்தச்சனுக்கு 3,615 பாக்களால் குரல் அளித்தார் ஒருவர். அம்மொழி நம் தமிழாக அமைந்தது நாம் பெற்ற பேறு.

பத்தாண்டுகள் கூடிக் கவிதை பேசிய நமக்கு இனிச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தேம்பாவணியின் ஐயந்தோற்று படலத்தையும் கித்தேரி அம்மாள் அம்மானையையும் நம் கூட்டங்களில் ஒருமுறை முழுவதும் வாய்விட்டுப் படிப்போம். சிலைக்கு மாலையிடுதலினும் அதுவே முனிவர்க்கு உவப்பான வழிபாடாகும்.